சீராகத் துடிப்பதுதான் நல்ல இதயமா?

"ஐயா, பைபாஸ் அறுவைச் சிகிச்சை முடிந்து தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் இதயம் கடிகாரம்போல் ஒரே சீராகத் துடித்தால் நல்லதுதானே?" பிரிக்பீல்ட்ஸைச் சேர்ந்த படிவம் நான்கு மாணவி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது.

மாணவர்களே, மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கும்போது நாடி சற்று விரைவாகும். வெளியே விடும்போது சற்றுத் தாமதிக்கும். நிமிடத்திற்கு 60 முறை துடிக்கும் இதயத்திலும் ஓர் இடைவெளி 950 மில்லிவினாடி என்றால், அடுத்தது 1,040 ஆக இருக்கலாம். இதுவே இதயத் துடிப்பு மாறுபாடு.

துன் சம்பந்தன் சாலையில் கார் ஓட்டுபவர் ஒரே வேகத்தில் போக முடியுமா? ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் மாறி மாறி மிதிக்க வேண்டும். நம் இதயத்திற்குப் பரிவு நரம்புகள் ஆக்சிலரேட்டர். வேகஸ் நரம்பு பிரேக்.

நரம்புகள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மலேசியாவின் முதல் இதய மாற்று அறுவைச் சிகிச்சை 1997-இல் தேசிய இருதயக் கழகத்தில் நடந்தது. இத்தகைய சிகிச்சையில் பழைய நரம்புத் தொடர்பு அறுந்துவிடும். அதனால் புதிய இதயம் ஓய்விலும் சற்று வேகமாக, ஏறக்குறைய ஒரே சீராகத் துடிக்கும்.

1987-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கிளைகர் குழுவினர், மாரடைப்பிலிருந்து தப்பிய 808 பேரின் துடிப்பை 24 மணி நேரம் பதிவுசெய்து ஆராய்ந்தனர். மாறுபாட்டின் அளவு 50 மில்லிவினாடிக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு, 100-க்கு மேல் இருந்தவர்களைவிட இறக்கும் அபாயம் 5.3 மடங்கு இருந்தது.

அப்படியானால் தாத்தாவுக்கு ஆபத்தா? பயப்பட வேண்டாம். பைபாஸ் சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலோருக்கு இந்த மாறுபாடு குறையும். மயக்க மருந்து, வலி, இதயத்தைத் தொட்டுச் செய்யும் சிகிச்சை ஆகியவை நரம்புகளைப் பாதிக்கின்றன. பின்னர் மாதக்கணக்கில் அது மெல்ல மீளும். எனவே, அந்த நாள்களில் எடுத்த ஒரே ஓர் எண்ணை வைத்து எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. நாள்போக்கில் அது உயர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தாறுமாறான துடிப்பு வேறு. அது நோயாக இருக்கலாம். கைக்கடிகாரம் காட்டும் எண்ணைப் பார்த்து நாமே முடிவுசெய்யாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தாத்தாவின் இதயம் கடிகாரமாக வேண்டாம் அம்மா. மூச்சுக்கும் நடைக்கும் ஏற்ப மாறட்டும். மருத்துவர் அனுமதித்த அளவு அவருடன் தினமும் நடந்து வா."