கையெழுத்துப் போட்டாலும் உரிமை போகாது: ஜிம்மில் சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புத்தாண்டு பிறந்ததும் ஜிம் வாசல்களில் சலுகைப் பலகைகள் தொங்கத் தொடங்கும். ஆறு மாதக் கட்டணத்தில் ஒரு வருடம், கணவன் மனைவி சேர்ந்தால் தள்ளுபடி, இன்றைக்கே கட்டினால்தான் இந்த விலை. உள்ளே போனவரை எடை மெஷினில் ஏற்றிக் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். ‘நடந்தா எல்லாம் குறையாது சார், ஓடணும்’ என்பார்கள். பயந்த மனசு அங்கேயே பணத்தைக் கட்டிவிடும். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் விதிகளை அப்போது யாரும் படிப்பதில்லை. கால் வலி வந்து நிற்கும்போதோ, ஜிம்மே பூட்டிக் கிடக்கும்போதோதான் அந்த விதிகள் கண்ணில் படும்.

அவசரப்பட்டு மொத்தப் பணத்தையும் கட்ட வேண்டிய தேவை பெரும்பாலானவர்களுக்கு இல்லை. உடலும் அதைக் கேட்கவில்லை. அச்சிட்ட விதி எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை.

நடையா, ஓட்டமா?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதுதான்: பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும், அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரமான பயிற்சி செய்யலாம். கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். வேகநடை மிதமான பயிற்சி. ஓட்டம் தீவிரமான பயிற்சி. ஓடினால் பாதி நேரம் போதும், நடந்தால் இரண்டு மடங்கு நேரம் வேண்டும். வேறுபாட்டின் சாரம் இவ்வளவுதான். தினம் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் வேகமாக நடந்தாலே 150 நிமிடம் ஆகிவிடும். ஒரே மூச்சில் நடக்க முடியாதவர்கள் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்தும் நடக்கலாம்.

அமெரிக்காவில் வழக்கமாக ஓடுபவர்கள் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரையும் நடப்பவர்கள் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரையும் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013-இல் வெளியானது. ஒரே அளவு சக்தியைச் செலவிட்டவர்களை ஒப்பிட்டபோது ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை நோய் ஆகியவற்றின் அபாயம் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. அதே சக்தியைச் செலவிட நடப்பவர் கூடுதல் நேரம் நடக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஓட்டத்துக்கும் அதற்கான இடம் உண்டு. நேரம் குறைவாக உள்ளவர்கள், இளவயதினர், மூட்டுச் சிக்கல் இல்லாதவர்கள் தாராளமாக ஓடலாம். ஆனால் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு. நடக்கும்போது அது எடையைச் சற்றே தாண்டும். உடல் பருமன் உள்ளவரை, பல ஆண்டு உட்கார்ந்தே வேலை பார்த்தவரை முதல் வாரமே டிரெட்மில்லில் ஓட வைப்பது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் கேடு. முதலில் நடை, பிறகு நடையும் மெல்லோட்டமும் மாறி மாறி, அதன் பிறகே ஓட்டம் என்று வாரக் கணக்கில் ஏற வேண்டும்.

வேகத்தை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் அது தீவிரமான பயிற்சி.

நடக்க இடம் எங்கே என்பதுதான் நகரவாசிகளின் கவலை. தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியது. உங்கள் மாவட்டத்தில் அது எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். பழுதாகிக் கிடந்தாலோ ஆக்கிரமிக்கப்பட்டிருந்தாலோ மாநகராட்சிக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ எழுதுங்கள்.

எந்த விதி செல்லும், எது செல்லாது?

தனி ஷூ கொண்டுவர வேண்டும், துண்டு விரிக்க வேண்டும், தூக்கிய எடைகளைத் திரும்ப அடுக்க வேண்டும், கூட்ட நேரத்தில் ஒருவருக்கு டிரெட்மில் 20 நிமிடம்தான் என்பவை எல்லாருக்கும் பொதுவான, நியாயமான விதிகள். மதிக்க வேண்டியவை. ‘நடக்கிறவங்களுக்கு டிரெட்மில் கிடையாது, ஓடுறவங்களுக்கு மட்டும்தான்’ என்பது அப்படியல்ல. பணம் வாங்கும்போது சொல்லாத தடையைப் பிறகு போட்டால் அதைச் சேவைக் குறைபாடு என்று வாதிட இடமுண்டு.

‘கட்டிய பணம் திரும்பத் தரப்படாது.’ உங்களுக்கு விருப்பம் போய்விட்டது என்பதற்காக மட்டும் பணம் திரும்பக் கிடைத்துவிடாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஜிம் மூடப்பட்டாலோ, வேறு ஊர்ப்பக்கம் மாற்றப்பட்டாலோ, சொன்ன இயந்திரங்களும் பயிற்சியாளரும் இல்லை என்றாலோ நிலைமை வேறு. குறைபாடுள்ள சேவையை நிறுத்திவிட்டு, ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள் பணத்தைத் தர மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீது தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது.

‘காயம் ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல.’ உங்கள் கவனக்குறைவுக்கு அவர்கள் பொறுப்பாக மாட்டார்கள்தான். அறுந்துபோகும் நிலையில் இருந்த கேபிளுக்கும், பயிற்சி பெறாத ஒருவரைப் பயிற்சியாளர் என்று நிறுத்தியதற்கும் அந்த ஒற்றை வரி கவசம் ஆகாது.

‘புரோட்டீன் பவுடர் எங்களிடமே வாங்க வேண்டும்’, ‘பர்சனல் டிரெய்னிங் கட்டாயம்.’ ஒன்றை வாங்க இன்னொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது. புகார் கொடுக்க அது ஒன்றே போதும்.

‘நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் விதியை மாற்றலாம், உறுப்பினரை நீக்கலாம்.’ காரணமில்லாமல் ஒரு தரப்பு மட்டும் முறித்துக்கொள்ள வழி செய்யும் ஒப்பந்தமும், அளவுக்கு மீறிய அபராதம் போடும் ஒப்பந்தமும் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வரையறைக்குள் வருகின்றன.

அச்சிட்ட விதியும் செல்லாமல் போகலாம் என்பது புதிய சிந்தனை அல்ல. துணி தொலைந்தால் அதன் சந்தை விலையில் 15 சதவீதம்தான் தருவோம் என்று ரசீதில் அச்சிட்டிருந்த ஒரு சலவை நிலையத்தின் விதியை, பொதுநலனுக்கு விரோதமானது, செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது. வீடு கட்டித் தரும் நிறுவனத்தின் ஒருதலையான ஒப்பந்த விதிகள் நேர்மையற்ற வணிக நடைமுறை ஆகும் என்று உச்ச நீதிமன்றமும் 2019-இல் தீர்ப்பளித்தது. அச்சில் இருப்பதாலேயே ஒரு விதி சட்டம் ஆகிவிடாது.

உயிரோடு விளையாடும் இடங்கள்

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள் தீவிரப் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள். ‘இன்னும் ரெண்டு செட்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். புதிதாகக் கடும் பயிற்சி செய்த ஓரிரு நாளில் சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசைகள் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகின்றன என்று பொருள்படலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்சுலின் போடுபவர்கள் நடைக்குக்கூடச் சர்க்கரையோ குளுக்கோஸோ கையில் வைத்திருக்க வேண்டும். கால் மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. எம்சிஆர் (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்போ பொருத்தமான ஷூவோ போட்டு, திரும்பி வந்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். டிரெட்மில்லில் ஏறியதும் அவசர நிறுத்தக் கயிற்றைச் சட்டையில் மாட்டுங்கள். சத்து டப்பாக்களில் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். டிரெய்னர் ஊசி போடுகிறேன் என்றால் அந்த ஜிம்மை விட்டே வெளியேறுங்கள்.

பெண்கள் உடை மாற்றும் அறையில் கேமரா வைத்துப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம். காவல் நிலையத்துக்கோ 181 பெண்கள் உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள்.

ஏமாந்துவிட்டால்

முதலில் ரசீது, ஒப்பந்தப் படிவம், வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரப் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். என்ன குறை, எத்தனை மாதக் கட்டணம் திரும்ப வேண்டும் என்று மின்னஞ்சலிலோ ஸ்பீடு போஸ்டிலோ எழுதி 15 நாள் கெடு கொடுங்கள். உடல்நலக் காரணம் என்றால் மருத்துவச் சான்றைச் சேர்த்து, சந்தாவை நிறுத்தி வைக்கவோ மீதியைத் தரவோ கேளுங்கள்.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். ஜிம்மின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ருதி தளத்தில் இணையவழியாகவும் பதியலாம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் பதிந்துவிட வேண்டும். ஒப்பந்தமே நியாயமற்றது என்று அறிவிக்கக் கோருவதானால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

இஎம்ஐயில் சேர்ந்தவர்கள் கவனிக்க: கடன் பெரும்பாலும் நிதி நிறுவனத்திடம்தான் இருக்கும். ஜிம் மூடிவிட்டது என்று சொல்லாமல் கொள்ளாமல் தவணையை நிறுத்தினால் உங்கள் சிபில் மதிப்பெண் அடிபடும். ஜிம், நிதி நிறுவனம் இரண்டுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். யுபிஐ ஆட்டோபே மூலம் மாதச் சந்தா போகிறது என்றால் அந்தச் செயலியிலேயே அதை நீங்கள் ரத்து செய்யலாம்.

பணம் கட்டும் முன்

ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். ஆண்டுச் சலுகை அடுத்த மாதமும் வரும். நீங்கள் போகப்போகும் நேரத்திலேயே ஒருமுறை போய், கூட்டத்தையும் இயந்திரங்களின் நிலையையும் பாருங்கள். பயிற்சியாளரின் சான்றிதழைக் கேளுங்கள். இடையில் நிறுத்தினால் என்ன, ஊர் மாறினால் என்ன, ஜிம் மூடினால் என்ன என்ற மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தைக்கு ஆணையத்தில் மதிப்புக் குறைவு. ரசீதில் நிறுவனத்தின் பெயரும், ஜிஎஸ்டி வசூலிக்கிறார்கள் என்றால் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது; இன்னும் 18 போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

தொகை சின்னது, விட்டுவிடலாம் என்று பலரும் ஒதுங்கிவிடுவதால்தான் இந்த விதிகள் பலகைகளில் நிலைத்திருக்கின்றன. மூவாயிரம் ரூபாய்க்கும் ஆணையத்தில் மனுப் போடலாம். ஒருவர் போட்டு ஜெயித்தால் அதே ஜிம்மில் சேரும் அடுத்தவருக்கு அந்த விதியைக் காட்ட நிர்வாகம் யோசிக்கும். உங்கள் மனு தீர்ப்பாகும் வரை பயிற்சியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தினம் அரை மணி நேர வேகநடைக்கு யாரிடமும் சந்தா கட்ட வேண்டியதில்லை.