கட்டடத்தைத் தாண்டாத ராக்கெட்டில் தலை சுற்றுவது ஏன்?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், டிஸ்னியின் எப்காட் பூங்காவில் 2003-இல் தொடங்கியது 'மிஷன்: ஸ்பேஸ்' சவாரி. அதன் ஆரஞ்சு வகையில் ஏறினால், செவ்வாய்க்குக் கிளம்பும் ராக்கெட்டில் இருப்பதுபோல உடம்பு இருக்கையோடு அழுந்தும். ஆனால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெட்டி கட்டடத்தை விட்டு வெளியே போவதே இல்லை. எப்படி?

தண்ணீர் நிறைந்த தூக்குவாளியை வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். ஒரு சொட்டும் சிந்தாது. தண்ணீர் அடியோடு அழுந்தி நிற்கும். இங்கே வாளிதான் அந்தப் பெட்டி, தண்ணீர் நீங்கள். பெட்டி வட்டமிட்டுச் சுழல, எடை இரு மடங்குக்கு மேல் கூடியதுபோல் இருக்கும்.

சரி, இதில் சிலருக்குத் தலை சுற்றிக் குமட்டுவது ஏன்?

நம் உள்காதில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. தலை திரும்பினால் திரவம் அசையும். மூளைக்குத் தகவல் போகும். சீராகச் சுழலும்போது திரவமும் கூடவே சுழல்வதால் எதுவும் தெரியாது. அப்போது தலையைத் திருப்பினால், குழல்கள் தாறுமாறாகத் தகவல் அனுப்பும். எதிரே உள்ள திரையைப் பார்க்கும் கண்ணோ 'நேராகப் பறக்கிறோம்' என்கிறது. மூளை குழம்பும், வயிறு புரட்டும்.

எனவே தலையை இருக்கையில் பதித்து, திரையை நேராகப் பாருங்கள். கண்ணை மூடாதீர்கள். பஸ் பயணத்திலேயே வாந்தி வருமென்றால், சுழலாத பச்சை வகையைத் தேர்ந்தெடுங்கள்.