பல்கலைக்கழகம் மாறும்போது ஒரு பாடம் குறைந்தால் என்ன ஆகும்? முன்தேவைப் பாட விதிகள்: ஒரு விளக்கம்

புதுடெல்லி: பெற்றோரின் பணியிட மாற்றம், குடும்பச் சூழல், விருப்பப் பாடம் எனப் பல காரணங்களால் பட்டப்படிப்பின் நடுவில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் மாணவர்கள் நாடு முழுவதும் உள்ளனர். மாற்றுச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் என அனைத்தும் கையில் இருந்தும், குறிப்பிட்ட ஒரு பாடத்தைப் படிக்கவில்லை என்ற காரணத்தால் அவர்களில் சிலரது திட்டம் தடைபடுகிறது. இது ஏன் நிகழ்கிறது, இதற்கு என்ன வழி என்பதைப் பார்க்கலாம்.

கிரெடிட் வங்கி என்ன செய்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021-ம் ஆண்டு ஜூலையில் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' விதிமுறைகளை வெளியிட்டது. பெயரைக் கேட்டுப் பலர் இதைக் கல்விக்கடன் எனக் கருதுகின்றனர். இதற்கும் பணத்துக்கும் தொடர்பில்லை. மாணவர் தேர்ச்சி பெற்ற பாடங்களுக்கான கிரெடிட் புள்ளிகளைச் சேமித்து வைக்கும் மின்னணுக் கணக்கு இது. சேமித்த புள்ளிகள் அதிகபட்சம் 7 ஆண்டுகள் வரை செல்லுபடியாகும். பட்டம் வழங்கும் நிறுவனத்தில் குறைந்தது 50 சதவீத கிரெடிட்களைப் பெற்றிருக்க வேண்டும் என்பதும் அந்த விதிமுறைகளில் அடங்கும்.

சிக்கல் எங்கே எழுகிறது?

மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட்கள் தேவை. வணிகவியல் மாணவர் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் 80 கிரெடிட்கள் பெற்று, பொருளாதாரப் பட்டப்படிப்புக்கு மாற விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய துறையில் பொருளாதார அளவையியல் பாடம் உள்ளது. அதில் சேர, முன்னதாகப் புள்ளியியல் படித்திருக்க வேண்டும். அவர் படித்த கல்லூரியிலோ அந்தப் புள்ளியியல் பாடம் கற்பிக்கப்படவில்லை. கணக்கில் 80 கிரெடிட்கள் இருந்தாலும், அந்த வகுப்பில் அவரால் அமர முடியாது.

கிரெடிட் என்பது எவ்வளவு படித்தோம் என்பதன் அளவு; முன்தேவைப் பாடம் என்பது எதைப் படித்தோம் என்பதன் சான்று. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. விடுபட்ட பாடம் ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டுமே நடத்தப்பட்டால், அதற்காகக் காத்திருப்பதில் ஓராண்டு கழிந்துவிடக்கூடும். அதைச் சார்ந்த அடுத்தடுத்த பாடங்களும் தள்ளிப்போகும். கட்டணம், விடுதிச் செலவு, உதவித்தொகையின் கால வரம்பு ஆகியவற்றையும் இது பாதிக்கும்.

விதிமுறைகளில் உள்ள வழிகள்

யுஜிசி 2022-ம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, பாடங்களை எண்களால் வகைப்படுத்துகிறது. அதில் 0 முதல் 99 வரையிலான எண்கள் முன்தேவைப் பாடங்களுக்கு உரியவை. இவற்றுக்குக் கிரெடிட் கிடையாது. தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே பதிவாகும். சில கல்லூரிகள் முறைசாராமல் நடத்திவந்த இணைப்பு வகுப்புகளுக்கு மாற்றாக இம்முறை முன்வைக்கப்பட்டது.

மற்றொரு வழி, மத்திய அரசின் 'ஸ்வயம்' இணையவழிப் பாடங்கள். 2021-ம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒரு பருவத்தில் வழங்கப்படும் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படிக்க அனுமதிக்கலாம். முன்னர் இந்த வரம்பு 20 சதவீதமாக இருந்தது. பாடத்தைப் படிக்கக் கட்டணமில்லை. சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு.

பட்டயப் படிப்பு முடித்து நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேருவோருக்கும் இதே இடைவெளி உண்டு. பல்வேறு பின்னணியிலிருந்து வருவோருக்குக் கணிதம், இயற்பியல், பொறியியல் வரைபடம் போன்றவற்றில் இணைப்புப் பாடங்களைப் பல்கலைக்கழகங்கள் நடத்த வேண்டும் என ஏஐசிடிஇ கூறியுள்ளது.

பிளஸ் 2 பாடம் தடையா?

யுஜிசி-யின் 2025-ம் ஆண்டு விதிமுறைகள், உரிய நுழைவுத் தேர்வில் தேர்ச்சி பெற்றால், பிளஸ் 2-வில் எந்தப் பாடப்பிரிவைப் படித்திருந்தாலும் வேறு துறையில் சேர வழிவகுக்கின்றன. ஆனால் சேர்க்கை கிடைத்துவிட்டால் பாட இடைவெளி தானாக நீங்கிவிடாது. அதை நிரப்பும் பொறுப்பு மாணவருக்கு இருக்கவே செய்கிறது.

மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கு இந்த நெகிழ்வு பொருந்தாது. எம்பிபிஎஸ் மாணவர்கள் கல்லூரி மாறுவதைத் தேசிய மருத்துவ ஆணையம் 2023-ம் ஆண்டு வெளியிட்ட விதிமுறைகள் அனுமதிக்கவில்லை. சட்டப் படிப்பில் இடைநிலைச் சேர்க்கையை இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன.

மாறும் முன் கவனிக்க வேண்டியவை

* புதிய துறையின் பாடத்திட்டத்தைப் பெற்று, ஒவ்வொரு பாடத்துக்கும் முன்தேவை உள்ளதா எனப் பருவவாரியாக ஒப்பிட வேண்டும்.

* பாடத்தின் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளடக்கம் ஒன்றாக இருக்கலாம். எனவே, மதிப்பெண் பட்டியலுடன், பழைய கல்லூரி சான்றளித்த விரிவான பாடத்திட்டப் படியையும் இணைத்துப் பாட இணைத்தன்மை கோரலாம்.

* ஸ்வயம் பாடத்தில் சேரும் முன், அதை ஏற்பதாகப் புதிய பல்கலைக்கழகத்திடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறுவது அவசியம்.

* நிபந்தனையுடன் சேர்க்கை கிடைத்தால், விடுபட்ட பாடத்தை எந்தப் பருவத்துக்குள் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் சேர்க்கை ரத்தாகுமா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

விதிமுறைகள் வழிகாட்டினாலும், விடுபட்ட பாடம் குறித்த இறுதி முடிவை எடுப்பது சேரவிருக்கும் பல்கலைக்கழகமே. ஆகவே, அதன் பதில் எழுத்தில் கைக்கு வரும்வரை, பழைய கல்லூரியில் மாற்றுச் சான்றிதழ் பெற்று வெளியேறாமல் இருப்பது நல்லது.