டியூப் ஏற்றியும் ஆறாத மடிநோய்

கறவை மாடு வைத்திருக்கும் விவசாயிகளுக்கு மடிநோய் புதிதல்ல. மடி வீங்கிச் சூடாகி, பால் திரிதிரியாக வந்தவுடன் டியூப் மருந்து வாங்கிக் காம்பில் ஏற்றுகிறார்கள். பல மாடுகளில் குணமும் தெரிகிறது. ஆனால் சில மாடுகளில் இரண்டு டியூப், மூன்று டியூப், பிறகு வேறு டியூப் என்று மாற்றி மாற்றி ஏற்றியும் வீக்கம் வடிவதில்லை. பாக்டீரியாக்கள் மருந்துக்கு மசியாமல் போனாலும் இப்படி ஆகும். ஈஸ்ட் என்னும் நுண்காளான் மடிக்குள் புகுந்துவிட்டாலும் இப்படி ஆகும். பின்னதைப் பற்றி நம் விவசாயிகள் அதிகம் அறியவில்லை.

ஒரு கிராமத்துக் கூட்டத்தில் விவசாயி ஒருவர் எழுந்து, "ஐயா, முதலில் ஒரு காம்புதான் கெட்டிருந்தது. மருந்து ஏற்ற ஏற்ற அடுத்ததும் கெட்டுவிட்டது. மருந்தில் கலப்படமா?" என்று கேட்டார். எப்படி ஏற்றினீர்கள் என்று விசாரித்தேன். ஒரே டியூப்பின் முனையை இரண்டு காம்பிலும் நுழைத்திருக்கிறார். மீதி மருந்தைக் கொட்டகைக் கூரையில் செருகி வைத்து மறுநாளும் ஏற்றியிருக்கிறார். மருந்தைக் குறை சொல்ல அங்கே இடமில்லை.

சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பதநீர் கள்ளாகப் புளிப்பது ஈஸ்டுகளால்தான். இந்த இனத்தைச் சேர்ந்த கேண்டிடா போன்ற வகைகள் மண்ணிலும், சாணத்திலும், ஈரமான தீவனத்திலும், மாட்டின் மடித்தோலிலும் சாதாரணமாகவே இருக்கின்றன. வெளியே இருக்கும்வரை தொல்லையில்லை. காம்பின் துவாரத்தைச் சுத்தம் செய்யாமல் டியூப் முனையை நுழைக்கும்போது அவற்றை நாமே உள்ளே தள்ளிவிடுகிறோம். அடைப்பு எடுப்பதாகச் சொல்லி ஈர்க்குச்சியை நுழைப்பதும், வீட்டில் கலக்கிய மருந்தைப் பீச்சுவதும் இதைவிட மோசம்.

டியூப்பில் இருப்பது பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்து. ஈஸ்டை அது ஒன்றும் செய்யாது. போட்டிக்கு இருந்த பாக்டீரியாக்கள் அழிந்தபின் ஈஸ்டுக்கு மடி முழுவதும் சொந்தமாகிவிடுகிறது. குணமாகவில்லையே என்று மேலும் மேலும் டியூப் ஏற்றினால் நோயை வளர்க்கிறோம் என்றே சொல்ல வேண்டும்.

மடி கெட்டியாக வீங்கும். காய்ச்சல் 105 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலும் போகலாம். ஆனாலும் மாடு ஓரளவு தீனி தின்றுகொண்டிருப்பதுண்டு. பால் குறைந்து, கட்டிகட்டியாக வரும். கண்ணால் பார்த்து மட்டும் இதை மற்ற மடிநோயிலிருந்து பிரித்தறிய முடியாது. டியூப் ஏற்றத் தொடங்கிச் சில நாட்களில் நோய் முற்றியது என்பதுதான் முக்கியத் துப்பு. பால் மாதிரியைச் சோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

சந்தேகம் வந்தால் மருத்துவரைக் கலந்து, ஆன்டிபயாடிக் டியூப்பை உடனே நிறுத்த வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதா என்று விவசாயிக்குத் தோன்றும். சும்மா இருக்க வேண்டாம். பாதித்த மடிப்பகுதியை நாளில் பலமுறை ஒட்டக் கறந்து, அந்தப் பாலைக் கொட்டகைத் தரையில் விடாமல் தனிப் பாத்திரத்தில் பிடித்து, தொலைவில் குழிவெட்டி ஊற்ற வேண்டும். கன்றுக்கும் அதைக் கொடுக்கக்கூடாது. பெரும்பாலான மாடுகள் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தாமாகவே தேறுகின்றன. சிலவற்றில் மட்டும் நோய் நீடித்து அந்தப் பகுதி பால் வற்றிப் போகும். காளானைக் கொல்லும் மருந்துகள் இருந்தாலும் மடியில் அவற்றின் பலன் நிச்சயமில்லை; தேவையா என்பதை மருத்துவரே தீர்மானிக்கட்டும். சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்த விழுதை மடியின் மேல் பூசும் வழக்கம் உண்டு. அது வெளிப்பூச்சு மட்டுமே. காம்புக்குள் எதுவும் போகக்கூடாது.

இந்த நோய் வராமல் தடுப்பது டியூப் ஏற்றுபவரின் கையில் இருக்கிறது. முதலில் பாலை ஒட்டக் கறந்துவிட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காம்பைத் துடைத்து ஈரம் போக்கி, காம்பு நுனியைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் பஞ்சு அழுக்காகாத வரையில் துடைக்க வேண்டும். (சாராயம் என்றதும் வேறு நினைப்பு வேண்டாம், மருந்துக்கடையில் விற்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைச் சொல்கிறேன்.) எதிர்ப்பக்கக் காம்புகளை முதலில் துடைத்து, பிறகு நம் பக்கத்துக் காம்புகளைத் துடைத்தால், துடைத்த காம்பில் கை படாது. மருந்து ஏற்றும்போது நம் பக்கத்துக் காம்பிலிருந்து தொடங்க வேண்டும். முனையை முழுவதும் செருகாமல் நுனி மட்டும் நுழையும்படி ஏற்றினால் போதும். ஒரு டியூப் ஒரு காம்புக்கே, மீதியை எறிந்துவிடுங்கள். டியூப்பின் விலையைப் பார்த்து மிச்சம் பிடிப்பவர் மடியை இழக்கிறார்.

கறந்தபின் காம்புத் துவாரம் சிறிது நேரம் திறந்தே இருக்கும். கறவை முடிந்ததும் தீவனம் வைத்தால் மாடு படுக்காமல் நின்று தின்னும். காம்பை அயோடின் கரைசலில் முக்குவதும் நல்லது. படுக்கும் இடம் உலர்ந்திருக்க வேண்டும்.

மாதிரி எடுக்கும்போதும் காம்பை இதேபோல் துடைத்து, முதல் சில பீச்சுகளை விட்டுவிட்டு, சோதனைக்கூடத்தில் தரும் சுத்தமான புட்டியில் பிடித்து, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டு செல்ல வேண்டும். கூடவே இதுவரை ஏற்றிய டியூப்களின் காலி உறைகளையும் மறக்காமல் எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.