முட்டும் அவசரம்: சிறுநீர்ப்பையைப் பழக்கும் வழிகள்

திடீரென்று சிறுநீர் முட்டும். ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போட முடியாது. பகலில் எட்டு முறைக்கு மேல் போக வேண்டியிருக்கும், இரவிலும் எழுப்பிவிடும். சிலருக்குக் கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் ஆடை நனைந்துவிடும். கிருமித்தொற்று போன்ற வேறு காரணம் எதுவும் இல்லாதபோது, இந்த அறிகுறிகள் சேர்ந்த நிலையை மிகைச்செயல் சிறுநீர்ப்பை என்று மருத்துவம் அழைக்கிறது. ஆண், பெண் இருபாலருக்கும் வரும். வயது ஏற ஏற அதிகம் காணப்பட்டாலும், முதுமையில் எல்லோரும் சகித்துக்கொண்டே ஆகவேண்டிய ஒன்றல்ல. சிகிச்சையால் கட்டுக்குள் வரக்கூடியது.

என்ன நடக்கிறது?

வளர்ந்தவர்களின் சிறுநீர்ப்பை சுமார் 300 முதல் 500 மி.லி. வரை கொள்ளும். சிறுநீர் சேரச் சேர, பையின் சுவரில் உள்ள டெட்ரூசர் தசை தளர்ந்து இடம்கொடுக்கும். வாயிலில் உள்ள சுருக்குத்தசை இறுகி நிற்கும். 150, 200 மி.லி. சேர்ந்ததும் லேசான உணர்வு தோன்றும். ஆனாலும் தகுந்த இடமும் நேரமும் வாய்க்கும்வரை மூளை அந்தத் தசையை அடக்கி வைத்திருக்கும். இந்த அடக்கம் தவறி, பை நிறையும் முன்பே தசை சுருங்க முயல்வதுதான் பெரும்பாலும் இந்த அவசரத்துக்குக் காரணம்.

பக்கவாதம், பார்க்கின்சன் நோய், தண்டுவடப் பாதிப்பு ஆகியவை நரம்புக் கட்டுப்பாட்டைக் குலைக்கலாம். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமும், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதும் அறிகுறிகளைத் தூண்டலாம். உடல் பருமனும் நாள்பட்ட மலச்சிக்கலும் தொல்லையைக் கூட்டும். பலருக்குத் தெளிவான காரணம் எதுவும் அகப்படுவதில்லை.

எப்படிக் கண்டறிவது?

அடிக்கடி சிறுநீர் போவதெல்லாம் இந்தக் கோளாறு ஆகாது. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் சிறுநீரின் மொத்த அளவே கூடிவிடும். எரிச்சலும் வலியும் இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். இருமும்போதும் தும்மும்போதும் கசிவது இடுப்புத்தளத் தசைத் தளர்ச்சியோடு தொடர்புடைய வேறு வகை. அவசரத்தால் கசிவதும் இதுவும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. ஆகவே சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தச் சர்க்கரை, சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு தங்குகிறது என்று காட்டும் ஸ்கேன் ஆகியவற்றை மருத்துவர் தேவைக்கேற்பக் கேட்பார்.

நோயாளியே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. குடித்த நீர், காபி, டீ ஆகியவற்றின் அளவு, சிறுநீர் போன நேரம், அதன் அளவு, அவசரம் அல்லது கசிவு இருந்ததா என்பவற்றை மூன்று நாட்கள் குறித்து வைக்க வேண்டும். கோளாறு பையிலா, குடிக்கும் முறையிலா என்பதை இந்தக் குறிப்பு பெருமளவு காட்டிவிடும்.

முதல் சிகிச்சை பழக்கத்தில்

தொல்லைக்குப் பயந்து தண்ணீரையே குறைத்துவிடுவது பலர் செய்யும் தவறு. அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தும், மலச்சிக்கலையும் வரவழைக்கும். தாகத்துக்கேற்பப் பகல் முழுவதும் பிரித்துக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்வதே சரி. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைப் பின்பற்ற வேண்டும். காபி, டீ, கோலா பானங்களில் உள்ள காஃபீன் பையைத் தூண்டுவதால் அவற்றைக் குறைத்தால் பலருக்கு விரைவில் வித்தியாசம் தெரியும். எடை கூடியவர்கள் சிறிதளவு குறைத்தாலும் பலன் உண்டு.

அடுத்தது சிறுநீர்ப்பைப் பயிற்சி. 'எதற்கும் ஒருமுறை போய்விட்டு வருவோம்' என்று முட்டாதபோதும் போகும் பழக்கம், குறைந்த அளவுக்கே அவசரப்படும்படி பையைப் பழக்கிவிடுகிறது. பயிற்சி இதை மாற்றுகிறது. இப்போது மணிக்கு ஒருமுறை போகிறவர் அந்த இடைவெளியில் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் 15 நிமிடம் கூட்டி, மூன்று மணி நேரத்தை எட்ட முயலலாம். இடையில் முட்டினால் ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே நின்றோ உட்கார்ந்தோ, இடுப்புத்தளத் தசையைச் சில முறை வேகமாக இறுக்கித் தளர்த்த வேண்டும். அலை தணிந்த பின் நிதானமாக நடந்து போகலாம். பலன் தெரியக் குறைந்தது ஆறு வாரங்களாவது ஆகும்.

அந்தத் தசையை வலுப்படுத்துவதே கீகல் பயிற்சி. வாயு பிரியாமல் அடக்குவதுபோல உள்நோக்கி இறுக்கி, ஐந்து நொடி நிறுத்தி, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை, மூன்று மாதம் தொடர வேண்டும். வயிறு, தொடை, பிட்டத் தசைகளை இறுக்குவதும் மூச்சை அடக்குவதும் கூடாது.

மருந்தும் அதற்கு அப்பாலும்

பழக்கமாற்றம் போதாவிட்டால் மருந்து உதவும். ஆக்ஸிபியூட்டினின், டால்டெரோடின், சாலிஃபெனசின் ஆகியவை தசைச் சுருக்கத்தைத் தணிக்கும். வாய் உலர்தலும் மலச்சிக்கலும் இவற்றின் பக்கவிளைவுகள். முதியவர்களுக்கு மனக்குழப்பம் ஏற்படலாம் என்பதால் கவனம் தேவை. மிராபெக்ரான் வேறு வழியில் தசையைத் தளர்த்துகிறது; அதை எடுத்துக்கொள்பவர்கள் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த மருந்தையும் தாமாக வாங்கி உட்கொள்வது ஆபத்து. சிறுநீர் அடைத்துக்கொள்ளும் நிலை சிலருக்கு ஏற்படலாம்.

மருந்துக்கும் கட்டுப்படாதவர்களுக்குப் பையின் சுவரில் போட்டாக்ஸ் ஊசி போடப்படுகிறது. அதன் பலன் சில மாதங்கள் நீடிக்கும். பிறகு மீண்டும் போட வேண்டும். கணுக்கால் அருகிலுள்ள நரம்பை மெல்லிய மின்சாரத்தால் தூண்டும் சிகிச்சை வாரம் 30 நிமிடம் வீதம் 12 வாரங்கள் தரப்படுகிறது. முதுகின் அடிப்பகுதியில் சிறு கருவி பொருத்தி நரம்பைத் தூண்டும் முறையும் உண்டு.

சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு இடுப்பு வலி, சிறுநீர் அறவே போகாமை, கால் மரத்துப்போதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. இரவில் அவசரமாக எழும் முதியவர்கள் விழுந்து எலும்பு முறியாதபடி, படுக்கையிலிருந்து கழிப்பறைவரை விளக்கு எரியட்டும். வழியில் தடை எதுவும் இல்லாதிருக்கட்டும். இந்தத் தொல்லையைச் சொல்லக் கூசி, பயணத்தையும் கோயிலையும் உறவினர் வீட்டு விசேஷங்களையும் தவிர்த்து வீட்டுக்குள் முடங்குவோர் பலர். கூச்சத்தை விட்டு மருத்துவரிடம் வாய்திறந்து சொல்வதே சிகிச்சையின் முதல் படி.