ஊசி குத்தத் தெரிந்தால் போதுமா?

குமரி மாவட்டம் பத்மநாபபுரம் என்றதும் அரண்மனை நினைவுக்கு வரும். அந்த வட்டாரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதுதான் வர்ம வைத்தியம்!

வர்மங்கள் மொத்தம் 108. படுவர்மம் 12. தொடுவர்மம் 96. படுவர்மத்தில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்பார்கள். அந்த இடங்களை மட்டும் தெரிந்தவர் ஆசான் ஆகிவிட முடியாது. அடிபட்டவரை எழுப்பும் 'இளக்குமுறை'யும் தெரிய வேண்டும்.

வலிக்கு ஊசி குத்தும் இன்னொரு சிகிச்சைக்கும் இதே நியாயம் பொருந்தும்.

மருந்து இல்லாத ஊசி

அதன் பெயர் 'உலர் ஊசி சிகிச்சை'. இறுகிப்போன தசையில் மெல்லிய ஊசியைக் குத்துவார்கள். மருந்து எதுவும் ஏற்றுவதில்லை. வலியைக் குறைப்பது மருந்து அல்ல, ஊசிக் குத்துதான் என்று 1979-ம் ஆண்டில் செக்கோஸ்லோவாகியா டாக்டர் காரல் லெவிட் எழுதினார். பிறகு பல நாடுகளில் பிசியோதெரபி நிபுணர்களும் இந்த ஊசியைக் கையில் எடுத்தார்கள்.

கோர்ட்டில் வழக்கு

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து அக்குபங்சர் வாரியம் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. பிசியோதெரபி நிபுணர்கள் ஊசி குத்தலாம் என்று 2018 டிசம்பரில் அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது.

அதே ஆண்டு ஏப்ரல் 13-ந்தேதி இந்திய சுப்ரீம் கோர்ட்டு வேறொரு தீர்ப்பு அளித்தது. கேரளப் பரம்பரை வைத்தியர்களின் வழக்கு அது. அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவும் இல்லாமல் வைத்தியம் செய்யக்கூடாது என்று கோர்ட்டு கூறியது. வழக்குக்கு அடிப்படையான சட்டம் 1953-ம் ஆண்டு வந்தது. அப்போது பத்மநாபபுரமும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில்தான் இருந்தது!

ஆபத்து எங்கே?

தோள், மார்புப் பகுதியில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலில் ஓட்டை விழலாம். மூச்சுத் திணறும். இது அபூர்வம்தான். ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது.

அதற்காகத் தடை போட வேண்டியதில்லை. தசை, எலும்பு, நரம்பு பற்றிப் பிசியோதெரபி நிபுணர்கள் பல ஆண்டுகள் படிக்கிறார்கள். ஆனால் இரண்டு நாள் வகுப்பில் ஊசியைப் பழகிக்கொண்டால் போதாது. தனிப் பயிற்சி வேண்டும். தேர்வு வேண்டும். ஆபத்து நேர்ந்தால் செய்ய வேண்டிய முதலுதவியும் தெரிய வேண்டும். பிசியோதெரபி போன்ற தொழில்களுக்குத் தேசிய கமிஷன் அமைக்க 2021-ல் சட்டம் வந்தது. இந்த ஊசிக்கும் தெளிவான விதி வகுப்பது நல்லது.

ஊசி குத்திக்கொள்பவர்கள் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். எங்கே பயிற்சி பெற்றீர்கள்? புது ஊசியா? என்ன ஆபத்து வரும்? குத்திய பிறகு நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.