வரிசையில் நிற்கிறோம் – 9: கொலம்பஸும் கைக்கடிகாரமும்

காவேரிப்பட்டினத்திலிருந்து கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கு பஸ் ஏறும் பிள்ளைகள் மாம்பழத்துக்காகப் போவதில்லை. அது வீட்டுக்குப் பின்னால் தோப்பிலேயே கிடைக்கிறது. அவர்கள் போவது டோரா டோராவுக்கும் கொலம்பஸுக்கும். கொலம்பஸ் என்றால் ஊஞ்சல்போல இரண்டு பக்கமும் ஆடும் அந்தக் கப்பல்.

கப்பலை ஓட்டுபவர் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றால் ஒரு தொழில் ரகசியம் பிடிபடும். கூட்டம் நெருக்கினால் ஆட்டம் சட்டென்று முடிந்துவிடும். கூட்டம் இல்லையென்றால் பாதிக் கப்பலாவது நிரம்பும்வரை கிளப்பவே மாட்டார். கிளப்பிவிட்டாலோ, போதும் போதும் என்று நாம் கத்தும்வரை நிறுத்த மாட்டார். காசு ஒன்றுதான், ஆட்டம்தான் வேறு வேறு.

எங்கள் ஊருக்கு அடுத்த கட்டம் பிடதி. 2005இல் பெங்களூரு–மைசூரு சாலையில் வொண்டர்லா திறந்த பிறகு, இந்தப் பக்கத்துப் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, நைஸ் ரோட்டில் சுங்கம் கட்டி அங்கேதான் போகின்றன. 1970களில் வந்த வி.ஜி.பி.யும், நவோதயா அப்பச்சன் 1995இல் தாம்பரம் பக்கம் தொடங்கிய கிஷ்கிந்தாவும் எங்களுக்குத் தொலைவு. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் சென்னை வொண்டர்லா வந்த பின்னும் காவேரிப்பட்டினத்துக்குப் பக்கம் பிடதிதான். மாநில எல்லை வேறு, டீசல் கணக்கு வேறு.

பூங்காக்களை ஒப்பிடும்போது எல்லோரும் கேட்பது உயரமும் வேகமும். உடம்புக்குத் தெரிவது வேறு. ரோலர் கோஸ்டர் பெட்டிக்குத் தண்டவாளத்தின் மேலும் பக்கவாட்டிலும் மட்டுமல்ல, அடியிலும் சக்கரம் உண்டு. மேட்டைத் தாண்டும்போது பெட்டி எழும்பிவிடாமல் பிடித்துக்கொள்ளும் அந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919இல் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகுதான் செங்குத்தாக விழும் துணிச்சலே வந்தது. அடுத்தது சுழல். தொடக்க காலச் சுழல்கள் வளையல் மாதிரி முழு வட்டம். உள்ளே நுழையும் நொடியிலேயே கழுத்து ஒடிவது போலிருக்கும். 1976இல் கலிபோர்னியாவில் ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் அதை நீர்த்துளி வடிவத்துக்கு மாற்றினார். வேகம் மிகுந்த அடியில் வளைவு அகலம், வேகம் குறைந்த உச்சியில் வளைவு குறுகல். நல்ல சவாரியில் வயிறு மட்டும் மேலே வரும், காதோரம் இடிக்காது. இறங்கியவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு வருகிறாரா, சிரித்துக்கொண்டு வருகிறாரா என்று வெளிவாசலில் நின்று பாருங்கள். விளம்பரப் பலகையைவிட அது நம்பகமானது.

தடத்தின் வடிவம்தான் வரிசையின் நீளத்தையும் தீர்மானிக்கிறது. பிடதியில் இருக்கும் ‘ரீகாயில்’ என்ற ரோலர் கோஸ்டர் முன்னால் பாய்ந்து, எதிர்க்கோடியில் ஏறி, வந்த வழியே பின்னோக்கி வரும் வகை. இரண்டு முனையும் அந்தரத்தில் நிற்கும் தடம் என்பதால் ஒரே வண்டிதான் ஓட முடியும். கோபோலியில் இமேஜிகா பூங்காவின் நைட்ரோ, இள்ளலூரின் தஞ்சோரா இரண்டும் சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபிலார்ட் கம்பெனி செய்தவை. ஒன்றில் காலுக்கடியில் தளம் கிடையாது. மற்றதில் தடமே தலைக்கு மேலே. இரண்டும் முழுச் சுற்று என்பதால், ஒரு வண்டி ஓடும்போதே இன்னொன்றில் ஆள் ஏற்ற வழியுண்டு.

ஓசூரில் மோட்டார் சைக்கிள் ஆலையில் வேலை பார்க்கும் என் தங்கை மகனோடு ஒருமுறை ஒரு பூங்காவுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு மணி நேரமாக ஒரே வரிசையில் நின்றோம். அவன் சவாரியைப் பார்க்கவே இல்லை; கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, வண்டி ஓடறது ரெண்டு நிமிசங்கூட இல்ல. மேடையில நிக்கறது மூணு நிமிசம். லோடிங்குலதான் அடி வாங்குது.”

கணக்கு எளிது. 28 பேர் ஏறும் வண்டி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பினால் மணிக்கு 840 பேர். நான்கு நிமிடம் ஆனால் 420. சவாரியில் ஒரு நொடிகூட மாறவில்லை. வரிசை மட்டும் இரண்டு மடங்கு. அந்த நேரமெல்லாம் எங்கே போகிறது? செருப்பைக் கழற்றுவதில், துப்பட்டாவை முடிவதில், செல்போனை யாரிடம் கொடுப்பது என்று தேடுவதில், “அக்கா, இங்க வா, ஒண்ணா உக்காரலாம்” என்பதில். இதையெல்லாம் வரிசையின் கடைசிப் பத்தடியிலேயே முடிக்க வைத்து, இருக்கைக்கு நேராக ஆளை நிறுத்திவிட்டால் மேடையில் ஏறி உட்காருவது ஒன்றுதான் பாக்கி. தனியாக வந்தவரைக் கூப்பிட்டு ஒற்றைக் காலியிடத்தை நிரப்பினால் இன்னும் நல்லது. அன்று எங்கள் கண் முன்னால் ஒவ்வொரு நடையிலும் இரண்டு, மூன்று இருக்கை காலியாகவே போயின.

டேவிட் மைஸ்டர் என்ற நிர்வாகவியல் அறிஞர் 1985இல் காத்திருப்பவரின் மனநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சும்மா நிற்கும் நேரம் நீளும். எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் இன்னும் நீளும். தனக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போனால் தாங்கவே முடியாது என்பது அதன் சாரம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைத் திருப்பதி எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டது. திருமலை வைகுண்டம் வரிசை வளாகத்தில் ஜனம் அறை அறையாக உட்காருகிறது, சாப்பாடு வருகிறது. நேரம் குறித்த டோக்கன் இருந்தால் அதுவரை வெளியே சுற்றலாம். டிஸ்னி 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று இலவசமாகத் தொடங்கியதும் இதே மாதிரி ஒரு டோக்கன்தான். 2021இல் அமெரிக்கப் பூங்காக்களில் அதைக் கட்டணச் சேவையாக்கிவிட்டார்கள்.

நம் பூங்காக்களின் ஃபாஸ்ட்ராக் சீட்டும் கட்டணம்தான். அதைக் குறை சொல்லவில்லை. 300 ரூபாய் தரிசனத்துக்குப் பழகியவர்கள்தானே நாம். ஆனால் அந்த வரிசை எங்கே வந்து சேர்கிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம். ஒரு மணி நேரம் நின்றவனின் மூக்குக்கு முன்னால், மேடை வாசலில் வந்து சேர்ந்தால் அது வயிற்றெரிச்சல். கண்ணுக்குத் தெரியாமல் பின்னாலேயே சேர்ந்துவிட்டால் யாருக்கும் உறுத்தாது.

அந்த ஆண்டு மாங்கனிக் கண்காட்சிக்கும் மருமகன் வந்தான். கொலம்பஸ்காரரை வெகுநேரம் கவனித்துவிட்டுச் சொன்னான்: “மாமா, கூட்டத்தப் பாத்து டைம மாத்தறாரு பாருங்க. இததான் எங்க ஆலையில டாக்ட் டைம்னு கிளாஸ் எடுக்கறாங்க.”

உண்மைதான். ஆனால் அவர் கூட்டத்தைக் குறைப்பது நம் ஆட்டத்தில் கை வைத்து. பூங்காவின் கணினிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவு ஆட்டம், வரிசை எவ்வளவு நீண்டாலும். ஆட்டத்தைத் தொடாமல் மேடை நேரத்தை மட்டும் யார் குறைக்கிறார்களோ, அவர்கள் பூங்காவுக்கு நான் இரண்டாவது முறை போவேன். கையில் கடிகாரத்தோடு.

அன்று கொலம்பஸில் கடைசி வரிசையில் இடம் பிடித்தோம். கப்பல் உச்சியில் ஒரு கணம் நின்று, உடம்பு எடையில்லாமல் போவது அங்கேதான் நன்றாகத் தெரியும். இருட்டத் தொடங்கியிருந்தது, கீழே டிக்கெட்டோடு கூட்டம் முண்டியது. நான்காவது ஆட்டத்திலேயே டயர் பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மருமகன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, “இன்னொரு ரவுண்டுண்ணா!” என்று கத்திக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம்: மாங்கூழ் ஆலை வாசலில் பெங்களூரா மாம்பழ லாரிகளின் வரிசை.

(வரிசை நீளும்)